‘ஏதோ குருவி’: குழந்தைகளோடு தெருவின் பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் அறிந்துகொள்ளும் வழி

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டி, “அது என்னப்பா?” என்றாள். “ஏதோ குருவி” என்றேன். மறுநாள் மதில்மேல் வேறொன்று இருந்தது. அதற்கும் அதே பதில்தான். மூன்றாம் நாள் அவள் என்னிடம் கேட்கவில்லை. முருங்கை மரத்தில் வந்தமர்ந்ததை ஒரு கணம் பார்த்தாள். “ஏதோ குருவி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். பிளந்த வால் நினைவில் நிற்பதால், கம்பியில் இருந்தது கரிச்சான் என்று இப்போது சொல்வேன். மற்ற இரண்டும் போனது போனதுதான்.

அந்த உறுத்தலில், அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருப் பிள்ளைகள் ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குக் கண்மாய்க்கரைக்குப் போனேன். கையில் கனத்த பறவைப் புத்தகம் ஒன்று. வெயில் ஏறிவிட்டது. ஒருவன் தண்ணீரில் கல்லெறிந்தான், ஒருத்திக்குத் தாகம், இரண்டு பேர் சண்டை. நான் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கையில் இருந்த இரண்டு கொக்குகளும் பறந்துவிட்டன. அன்று எல்லோரும் நன்றாகப் பார்த்த ஒரே உயிர், எங்கள் பின்னாலேயே வந்த தெருநாய்.

இடம், நேரம், எண்ணிக்கை, புத்தகம் என்று அன்று நான் செய்த நான்குமே தவறு. கீழே வருவது அந்த நான்கையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான். எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. நூறு அடிக்குள் ஓர் இடம்

வீட்டிலிருந்து நூறு அடிக்குள் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு முருங்கை, ஒரு வேம்பு, குழாயடியில் தேங்கும் தண்ணீர், காலி மனை என எதுவானாலும் சரி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சன்னலும் அதிலிருந்து தெரியும் மரமும் போதும். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் பதினைந்து நிமிடம், அல்லது மாலை ஐந்துக்கு மேல். பிள்ளைகள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று.

இடத்தை மாற்றாதீர்கள், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். அதே முருங்கையைப் பத்து நாள் பார்த்த பிள்ளைக்கு, பதினோராவது நாள் வந்த புதிய பறவை தானாகவே கண்ணில் படும். ஊர் ஊராகச் சுற்றிக் காட்டினால் எல்லாமே புதிதாக இருக்கும், எதுவும் மனத்தில் தங்காது.

2. கையில் என்ன வேண்டும்

கோடு போடாத நோட்டு, பென்சில், பதினைந்து செ.மீ. ஸ்கேல். பேனா வேண்டாம், மழைத்துளி பட்டால் மை கரைந்துவிடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய கைலென்ஸ் கிடைத்தால் நல்லது. எறும்பின் முகத்தை அதில் பார்த்த பிள்ளை லென்ஸைத் திருப்பித் தராது. பைனாகுலரை முதல் ஆறு மாதம் வாங்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு இரண்டு கண்களையும் அதில் பொருத்தவே வராது, பறவையை விட்டுவிட்டுக் கருவியோடு மல்லுக்கட்டுவார்கள். பிறகு வாங்குவதானால் 8x30 அல்லது 8x32 அளவு சின்னக் கைகளுக்குப் பாரமாக இராது. முன்னால் உள்ள 8 என்பது எத்தனை மடங்கு அருகில் தெரியும் என்பது. பின்னால் உள்ளது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

3. காகத்தில் தொடங்குங்கள்

எல்லோரும் மயிலிலும் மீன்கொத்தியிலும் தொடங்க நினைக்கிறார்கள். காகம்தான் சரியான தொடக்கம். தினமும் வரும், ஓடாது, அருகில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒன்றல்ல, இரண்டு வகை. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். உடல் முழுக்கக் கறுத்து, அலகு தடித்து இருப்பது அண்டங்காக்கை. “உன் வீட்டுக்கு வருவது எது?” என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள். என் அண்ணன் மகன் மூன்று நாள் சோறு வைத்துக் காத்திருந்து, “சித்தப்பா, இரண்டும் வருகின்றன, ஆனால் சேர்ந்து சாப்பிடுவதில்லை” என்றான். அது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது வேறு கதை. பத்து வயதுப் பையன் தன் கண்ணால் பார்த்துச் சொன்ன முதல் செய்தி அது.

காகம் இன்னொரு வகையிலும் உதவும். தூரத்தில் இருக்கும் பறவையின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்ல யாராலும் முடியாது. சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என்ற நான்கையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். “மைனாவைவிடப் பெரிது, காகத்தைவிடச் சிறிது” என்று பிள்ளை சொன்னால், பாதிப் பறவைகள் அங்கேயே கழிந்துவிடும்.

4. பெயருக்கு முன் நான்கு கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை “அது என்ன?” என்று கேட்டதும் பெயரைச் சொல்லாதீர்கள், தெரிந்தாலும்கூட. பெயரைக் கேட்டதும் பிள்ளையின் கண் பறவையை விட்டுவிடும். அதற்குப் பதில் நான்கைக் கேளுங்கள்: எவ்வளவு பெரிது? எந்த நிறம், உடலில் எங்கே? அலகு எப்படி? என்ன செய்கிறது?

இரண்டாவது கேள்வியில் ‘எங்கே’ என்பதுதான் உயிர். “கறுப்பும் பழுப்பும்” என்றால் பத்துப் பறவைகள் இருக்கும். “உடம்பு கறுப்பு, இறக்கை மட்டும் செங்கல் நிறம், கண் சிவப்பு, தரையில் நடக்கிறது” என்றால் செம்போத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. தலை உச்சி, கண்ணைச் சுற்றி, கழுத்து, மார்பு, இறக்கை, வாலடி என்று மேலிருந்து கீழாகச் சொல்லப் பழக்குங்கள். கொண்டைக்குருவியின் அடையாளமான சிவப்பு வாலுக்கு அடியில்தான் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது ஒரு கறுத்த குருவி.

நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்களே பிள்ளைகளை மறுநாளும் எழுப்பும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். தவிட்டுக்குருவிகள் ஒருபோதும் தனியாக வருவதில்லை; ஆறேழு சேர்ந்து சருகைப் புரட்டிக்கொண்டு கூச்சலிடும். தேன்சிட்டு பூவின் முன் ஒரு கணம் சிறகடித்து நிற்கும், ஆனால் உட்கார்ந்து குடிக்கவே விரும்பும். வயல் ஓரம் மண் நிறத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும் மடையான் எழுந்து பறந்ததும் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். இதைக் கண்ட என் மகள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று அடித்துச் சொன்னாள். அது மறுபடி இறங்கி மண்ணாக மாறும்வரை காத்திருந்தோம்.

நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். அழகு முக்கியமல்ல. ஒரு முட்டை உடம்பு, ஒரு வட்டத் தலை, அம்புக்குறி போட்டு நிறங்கள். வரையத் தொடங்கியதும் “கால் என்ன நிறம் என்று பார்க்கவில்லையே” என்று பிள்ளையே எழுந்து மறுபடி பார்க்கப் போகும்.

5. காதைத் தீட்டுங்கள்

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் வேகம். இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, புதிய சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். மார்ச்சு முதல் ஆடி வரை குயில் ஓயாது. கூவுவது ஆண், அது கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு, ஆணோடு தொடர்பே இல்லாதது போல இருக்கும். காகத்தின் கூட்டில் முட்டையிடுவது அதுதான். செம்போத்தும் குயில் குடும்பம்தான், ஆனால் சொந்தக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். இதைச் சொன்னபோது, “அப்படியென்றால் குயிலுக்கு மட்டும் என்ன சோம்பல்?” என்று கேட்டார்கள். பதில் வேண்டுவோர் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

6. செடிக்கு வருவோம்

செடி ஓடாது, ஆகவே பெரியவர்கள் அதை எளிது என்று நினைத்து அவசரப்படுகிறார்கள். முதல் நாள் மதிலோரத்தில் முளைத்திருக்கும் ஐந்து செடிகளோடு நிறுத்துங்கள். எங்கள் தெருவில் அவை குப்பைமேனி, தும்பை, மூக்குத்திப் பூண்டு, கீழாநெல்லி, துத்தி. உங்கள் தெருவிலும் பெரும்பாலும் இவையே இருக்கும்.

இலையில் தொடங்குங்கள். தண்டில் இலைகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? விளிம்பு ரம்பம்போல் இருக்கிறதா? தடவினால் வெல்வெட்டா, சொரசொரப்பா? கசக்கினால் மணம் உண்டா? தெரியாத செடியைக் கசக்கும் வேலை பெரியவருடையது. கீழாநெல்லியின் காய்கள் இலைவரிசைக்கு அடியில் தொங்குவதைத் திருப்பிக் காட்டுங்கள், பெயர்க்காரணம் தானே புரியும். குப்பைமேனியின் வேர் பூனையைக் கிறங்க வைக்கும். அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயரே உண்டு. வீட்டில் பூனை இருப்பவர்கள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி அதன்முன் போட்டுப் பாருங்கள்.

மரங்களில் பூவரசைத் தேர்ந்தெடுப்பேன். இதய வடிவ இலை. காலையில் மஞ்சளாக விரிந்த பூ வாடும்போது சிவந்துவிடும். காலையில் ஒரு பூவுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, மாலையில் போய் அதே பூவைப் பாருங்கள். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதக் கற்றுக்கொடுக்கவும் மறக்க வேண்டாம். அது பாடத்தில் சேராது என்று நினைத்தால் உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

இங்கே ஒரு கண்டிப்பு: எந்தச் செடியும் வாய்க்குப் போகக் கூடாது. நாமெல்லாம் தும்பைப் பூவிலும் இட்லிப் பூவிலும் தேன் உறிஞ்சி வளர்ந்தவர்கள்தான். ஆனால் இன்று சாலையோரச் செடியில் யார் என்ன மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று தெரியாது. அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு எல்லாமே கடும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கினால் தோலில் அரிப்பு வரும். வேலியில் படர்ந்த பூனைக்காலியின் காய் அதைவிட மோசம். இந்தச் செடிகளைத்தான் முதலில் அடையாளம் காட்ட வேண்டும் என்பேன். “தொடாதே” என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை எல்லாவற்றையும் தொடும். “இதைத் தொடாதே, இதன் பெயர் ஊமத்தை” என்றால் அது பத்துப் பேருக்குப் போய்ச் சொல்லும்.

7. கறிவேப்பிலைப் புழு

ஒரு மாதம் ஓடும் இந்த வேலைக்கு நிகராக வேறெதையும் நான் கண்டதில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் தளிரில் கடுகைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் உருண்டை முட்டைகள் ஒட்டியிருக்கும். அவை பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள். பொரித்த புழு பறவை எச்சம்போலவே இருக்கும், கறுப்பில் வெள்ளைத் தீற்றல். “எச்சத்தை யார் தின்பார்கள்?” என்று கேளுங்கள், அதற்கு ஏன் அந்த வேடம் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் காகிதம் விரியுங்கள். புழு இருக்கும் கொத்தை அப்படியே கிள்ளி, காம்பில் ஈரப்பஞ்சைச் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிக்குப் பதில் பழைய கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்ட். வெயில் படாத இடம். தினமும் எச்சத்தைத் தட்டி, புதிய இலை வைப்பது பிள்ளையின் பொறுப்பு. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அந்தச் செடியின் இலையையே கொடுங்கள். ஒருமுறை வீட்டுச் செடியில் இலை தீர்ந்துவிட்டது என்று கடையில் வாங்கிய கறிவேப்பிலையை வைத்தேன். மறுநாள் காலை இரண்டு புழுக்களும் சுருண்டு கிடந்தன. பூச்சிமருந்தாகத்தான் இருக்க வேண்டும். அன்று மகள் பள்ளிக்கு அழுதுகொண்டே போனாள். அந்த இலையைத்தானே நாம் குழம்பில் போடுகிறோம் என்று அன்றிரவு அம்மாவிடம் கேட்டதும் அவள்தான்.

நான்கு முறை தோலுரித்த பிறகு புழு பச்சையாகிவிடும். அப்போது மெல்ல ஒரு குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கைப் போலப் பிளந்த, செந்நிறக் கொம்பு ஒன்று நீளும்; புளித்த வாடை அடிக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், தொல்லை கொடுக்க வேண்டாம். பிறகு அது சாப்பிடுவதை நிறுத்தி அலையத் தொடங்கும். சாய்வாக ஒரு குச்சியை வைத்தால் அதில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூடு பச்சையாக இருக்கலாம், பழுப்பாக இருக்கலாம், சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. பத்து நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு நாள் கூடு கறுக்கும். உள்ளே மடிந்த சிறகின் புள்ளிகள் தெரியும். மறுநாள் விடியற்காலையில் எழுந்துவிடுங்கள். ஈரச் சிறகு காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை தொடக் கூடாது.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது, சிறு குளவி வரும். புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. பிள்ளையிடம் மறைக்காதீர்கள்; அதையும் வரையச் சொல்லுங்கள். எருக்கஞ்செடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழுவைக் கண்டால் அது வெந்தய வரியன். அதை வளர்க்க எருக்கு இலை பறிக்க வேண்டியிருக்கும் என்பதால், செடியிலேயே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. இப்போது பெயர்

நான்கு கேள்விகளின் பதிலும் படமும் கையில் இருக்கும்போதுதான் பெயர் தேட வேண்டும். முதலில் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். கரிச்சானை அப்பத்தா ‘வலியன்’ என்றார். பக்கத்து ஊரில் அதுவே இரட்டைவால் குருவி. மூன்றையும் நோட்டில் எழுதினோம், எந்த ஊரில் யார் சொன்னது என்பதோடு. அடுத்தது தமிழ்ப் பறவைக் கையேடு. கடைசியில் கைபேசிச் செயலி. பறவைகளுக்குக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின், செடி பூச்சிகளுக்கு சீக். இரண்டும் இலவசம், சீக்கில் கணக்குத் தொடங்கவே வேண்டாம் என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது.

செயலி சொல்வதை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குப்பைமேனியைத் தூரத்தில் நின்று ஒரு படம், இலைக்குப் பக்கத்தில் ஒரு படம் எடுத்தபோது எனக்கு இரண்டு பெயர்கள் வந்தன. அது சொன்ன உயிர் நம் பகுதியில் வாழ்வதுதானா, இந்த மாதத்தில் இங்கே இருக்குமா, நம் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று மூன்றையும் பிள்ளையே சரிபார்க்கட்டும். பொருந்தவில்லை என்றால் நோட்டில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். எங்கள் நோட்டில் பதினோரு கேள்விக்குறிகள் இருக்கின்றன.

9. கண்மாய்க்குப் போகும் நாள்

தெருவில் இருபது உயிர்கள் பழகிய பிறகு கண்மாய்க்குப் போகலாம். மழைக்குப் பின், நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைத் தேடச் சொல்லுங்கள். கொக்குகளில் கறுப்புக் காலும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக்கொக்கு. மாட்டின் பின்னாலேயே நடந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. எங்கள் மாவட்டத்தில் 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கூடுகட்ட வந்த பறவைகள் கலையக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சென்னைப் பக்கத்தவர்களுக்கு வேடந்தாங்கல், நெல்லைக்காரர்களுக்குக் கூந்தன்குளம்.

கரையில் சில விதிகள் உண்டு. மூடிய செருப்பு அல்லது ஷூ. பொந்திலும் கல்லடியிலும் கை விடக் கூடாது. தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் படத்தையும் முன்பே காட்டிவிடுங்கள். ஆனால் எந்தப் பாம்பைக் கண்டாலும் நடைமுறை ஒன்றுதான்: நின்று, பின்வாங்கி, போக விடுவது. கடித்துவிட்டால் 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனை. கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, பாம்பைத் துரத்துவது எதுவும் கூடாது. இதே மூச்சில் ஒரு பழியையும் நீக்கிவிடுங்கள். அரணைக்கு நஞ்சு கிடையாது. “அரணை கடித்தால் மரணம்” என்பது எதுகைக்காகப் பிறந்த பயம்.

கூடு கண்ணில் பட்டால் சத்தமின்றித் திரும்பிவிடுங்கள். நாம் நிற்பதைப் பார்த்துக் காகம் வந்துவிடும். இறகு முளைத்த குஞ்சு தரையில் கிடந்தால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிறது. பூனை வருமென்றால் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். கிளிக்குஞ்சை வீட்டுக்கு எடுத்துவந்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

10. நோட்டைத் தேதியோடு வையுங்கள்

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், இடம், வானிலை. “எதுவும் வரவில்லை” என்பதும் ஒரு பதிவுதான். அதையும் எழுத வேண்டும். ஓராண்டு கழிந்ததும் அதே மாதத்தின் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெரு வேம்பு போன ஆண்டு எப்போது பூத்தது என்று இப்போது வீட்டில் தகராறு வருவதில்லை, நோட்டை எடுத்தால் போதும்.

பத்து வயதைத் தாண்டியவர்கள் பதினைந்து நிமிடப் பட்டியலை, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பெரியவரின் கணக்கு வழியே ஏற்றலாம். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அதற்குச் சரியான தொடக்கம், 2015-இல் தொடங்கியது. தெருவில் நின்று எண்ணினாலும் சேரும். எண்ணும்போது ஒரே காகத்தை இரண்டு முறை எண்ணாமல் இருக்க, ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிக எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் பட்டியலில் எட்டு வகைகள்தான் இருந்தன: வீட்டுக் காகம் 14, அண்டங்காக்கை 2, மைனா 5, தவிட்டுக்குருவி 7, கரிச்சான் 1, செம்போத்து 1, தேன்சிட்டு 2. எட்டாவதை என் மகள் தன் கையால் எழுதினாள்: ‘ஏதோ குருவி 1, வாலாட்டிக்கொண்டே நடந்தது, மறுபடி பார்க்க வேண்டும்.’